பொன்வாய் யோவான்

ஒறொந்தீசு ஆற்றங்கரையிலே கி. மு. 300 இல் செலூக்கசு மன்னன் அமைத்த நகரம் அந்தியோக்கியா. இயேசுநாதரின் சீடர் கிறித்தவர் என்னும் பெயரை முதன்முதற் பெற்றது அங்கேயே என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறும்.

மாணவர்க்கு நாவன்மையைப் பற்றி யான் சொல்லும்போதெல்லாம் நினைவில் வருபவர் அந்நகரிற் பிறந்த யோவான். பொன்வாயர் எனப் பொருள்படும் கிறிசோஸ்தம் என்ற பெயர் பிற்காலத்தார் இட்டது. நாலாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பிறந்த அவர் இளமையிலேயே தந்தையை இழந்தார். இருபது வயதளவிற் கைம்பெண்ணான தாய் அந்தூசா மறுமணம் நாடாது மகனை வளர்த்தார். மகன் சொற்கலை பயின்றதோ, பழைய கிரேக்க தேவரை வழிபட்ட லிபானியசு என்னும் பேராசிரியரிடம். ஆசிரியன் சமயம் வேறு, மாணவன் சமயம் வேறு; கல்வி தடைப்படவில்லை. ஆசிரியத் தொழிலில் நரைத்த எனக்கு இச்செய்தி மிக உவப்பானது.

பின்னர் மலையிலே கடுந்தவம் இயற்றி உடல்நலங் கெட்டு நகருக்கு மீண்டார். 386 இற் குருவானார். மறுவருடமே சோதனை வந்தது. புதிய வரியாற் சினந்த மக்கள், தேயோதோசியசுப் பேரரசனுடைய சிலைகளையும் அவன் குடும்பத்தார் சிலைகளையும் வீழ்த்தித் தெருவில் இழுத்தனர். அரசனை அவமதித்த குற்றத்துக்கு நகரே அழிக்கப்படலாம். சிலர் உடனே கொல்லப்பட்டனர். செல்வர் ஊரைவிட்டு ஓடினர். முதிய ஆயர் பிளாவியன் மன்னிப்பு வேண்டிக் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்குப் புறப்பட்டார். தலைவனில்லாத அந்தத் தவக்கால வாரங்களில், அஞ்சி நடுங்கிய மக்களுக்கு யோவான் கோயிலில் நின்று பேசினார். தேற்றினார், கண்டித்தலையும் விட்டாரல்லர். சிலைகளைப் பற்றிய பேச்சுக்கள் என இருபத்தொன்று இன்றும் உள. உயிர்த்த ஞாயிறு அண்மிய காலத்தே மன்னிப்புச் செய்தி வந்தது.

ஒன்றை மறைத்தல் தகாது. அக்காலத்திலேயே அவர் யூதரைச் சாடி நிகழ்த்திய பேச்சுக்கள் கொடியன. பின்வந்தோர் பகைமைக்கு அவை கருவியாயின. அவற்றை யான் பொன்னென்று கொள்ளேன்.

397 இல், மக்கள் தடுப்பரென அஞ்சிய அரசவையார் அவரை நகரிலிருந்து இரகசியமாகவே கொண்டுசென்றனர். மறுவருடம் தலைநகரின் பேராயராக்கினர். செல்வரின் ஆடம்பரத்தைக் கடிந்தமையால் அரசி யுடோக்சியாவின் பகை மூண்டது. 404 இல் ஆர்மேனிய எல்லையிலுள்ள குக்குசுவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஆங்கும் அந்தியோக்கியர் அவரைத் தேடிச் சென்றனர். அதுவும் பொறாத பகைவர் இன்னுந் தொலைவுக்கு நடத்திச் செல்ல, 407 இல் கொமானாவில் வழியிலேயே உயிர் நீத்தார்.

438 இல் அவரது உடல் தலைநகருக்குக் கொணரப்பட்டது. யுடோக்சியாவின் மகனான இரண்டாந் தேயோதோசியசு அப்பேழையில் முகம்பதித்துத் தன் பெற்றோர் பிழையைப் பொறுக்குமாறு வேண்டினான் என்று தேயோதொரேத்து எழுதியுள்ளார்.