ஓசி டிக்கெட்டும் ஒரு சுதேசிக் கப்பலும்

எகனாமிக்ஸ் பேப்பருக்காக நாலு வகைச் சந்தையை மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. எக்கச்சக்கமான பேர் விற்கிற நிறைவுப் போட்டி, பிராண்டை வச்சு மோதுகிற முற்றுரிமைப் போட்டி, ஒருசிலர் மட்டும் விற்கிற ஆலிகோபோலி, ஒருத்தரே விற்கிற மோனோபோலி. எக்ஸாம் முடிஞ்சதும் மறந்தும் போயிருக்கும். வ.உ.சி.யின் வாழ்க்கையைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க, அப்புறம் மறக்காது.

1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார் சிதம்பரம் பிள்ளை. அப்பாவைப் போலவே வக்கீல். தொழிலுக்காகத் தூத்துக்குடிக்கு வந்தவர் அங்கே கண்டது அசல் மோனோபோலி. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. சரக்கு அனுப்பணும்னாலும், ஆள் போகணும்னாலும் அவங்க கேட்கிறதுதான் கட்டணம்.

சரி, லாபம் இருக்கிற இடத்துல இன்னொருத்தர் ஏன் நுழையலை? புத்தகத்தில் நுழைவுத் தடை என்று ஒரு வரி வருமே, அதுதான் காரணம். கப்பல் வாங்க ஒரு தனி ஆளின் பணம் போதாது. அதனால் 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார் வ.உ.சி. மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் எடுத்தார். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார்.

முதலில் ஷா லைன் கம்பெனியிடம் கப்பலை வாடகைக்கு எடுத்தாங்க. வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்கியதும் அந்த ஒப்பந்தம் ரத்தாச்சு. வ.உ.சி. இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்தார். கையோடு, சொந்தக் கப்பல் இல்லாமல் இது நிலைக்காதுன்னு முடிவெடுத்தார். 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. மோனோபோலி இப்போ டியோபோலி ஆயிடுச்சு.

அடுத்து விலைப்போர். ஒரே சேவையை இரண்டு பேர் வித்தா, விலை அடக்கச் செலவு வரைக்கும் இறங்கும் என்பது பெர்ட்ராண்ட் மாடல். இங்கே அதுக்கும் கீழே போச்சு. வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட்டை ஒரு ரூபாய்க்குக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. உடனே அவங்க டிக்கெட்டே வேண்டாம், சும்மாவே வாங்கன்னுட்டாங்க. கூடவே ஒரு குடையும் இலவசமாகத் தந்ததாகச் சொல்வார்கள்.

பயணிக்கு இது கொண்டாட்டம்தானே என்று தோணும். கணக்கைப் பாருங்க. பிரிட்டிஷ் கம்பெனிக்கு எத்தனையோ கடல்வழிகள். தூத்துக்குடியில் விட்டதை வேறெங்காவது எடுத்துக்கலாம். சுதேசிக் கம்பெனிக்கு இந்த ஒரே வழிதான். போட்டியாளர் செத்த பிறகு விலையைத் திரும்ப ஏத்திக்கலாம் என்ற நம்பிக்கையில் கொடுக்கிற ஓசி அது. அதையும் மீறிக் கம்பெனி தாக்குப்பிடித்தது, நம்ம கப்பல் என்று ஜனங்கள் ஏறியதால்தான்.

கடைசியில் கம்பெனியைச் சாய்த்தது விலை மட்டுமில்லை. 1908 தொடக்கத்தில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு வ.உ.சி. துணை நின்றார். அந்த மில்லை நடத்திய ஹார்வி நிறுவனம்தான் எதிரிக் கம்பெனிக்கு ஊரில் ஏஜென்ட். மார்ச் 12 அன்று அவர் கைதானார். ராஜதுரோக வழக்கில் ஜூலையில் கிடைத்தது இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தாலும், கோவைச் சிறையில் செக்கிழுத்தார். அவர் உள்ளே இருக்கும்போதே, 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் வெளியே வந்தவருக்குக் கப்பலும் இல்லை, வக்கீல் உரிமமும் இல்லை. பின்னாளில் உரிமம் திரும்பக் கிடைத்தாலும் கஷ்டம் தீரவில்லை. 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் காலமானார்.

புத்தகத்தில் இருக்கிற நாலு சந்தையிலும் அரசாங்கம் நடுவராக ஓரமாக நிற்கும். தூத்துக்குடியில் அது ஒரு அணிக்காக ஆடியது. இனி ஏதாவது ஒரு ஆப் உங்களுக்கு எல்லாத்தையும் இலவசமாகத் தந்தா, வாங்கிக்கோங்க, தப்பில்லை. ஆனா அதே தொழிலில் இருந்த இன்னொருத்தர் இன்னும் கடையைத் திறந்து வச்சிருக்காரான்னு ஒரு தடவை எட்டிப் பாருங்க.