கிங் கேம்ப் ஜில்லெட்

கிங் கேம்ப் ஜில்லெட் (ஜனவரி 5, 1855 – ஜூலை 9, 1932) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளரும் தொழிலதிபரும் ஆவார். மழுங்கியதும் எறிந்துவிடக்கூடிய, இருபுறமும் கூருள்ள மெல்லிய எஃகு பிளேடையும் அதைப் பொருத்தும் சவரக்கருவியையும் உருவாக்கியவராக இவர் அறியப்படுகிறார். இவர் தொடங்கிய நிறுவனம் ஜில்லெட் என்ற பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது. தொழிலதிபராகப் பெரும்பொருள் ஈட்டிய இவர், வணிகப் போட்டியையே ஒழிக்க வேண்டும் என்று வாதிட்ட நூல்களையும் எழுதினார். மனிதரின் நேரமும் உழைப்பும் வீணாகக் கூடாது என்ற எண்ணம் இவருடைய கண்டுபிடிப்பு, நூல்கள் ஆகிய இரண்டிலும் காணப்படுகிறது.

இளமைக்காலம்

ஜில்லெட் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஃபாண்ட் டு லாக் என்னும் ஊரில் பிறந்தார். சிறுவயதிலேயே இவரது குடும்பம் சிக்காகோ நகருக்குக் குடிபெயர்ந்தது. 1871 ஆம் ஆண்டு சிக்காகோவில் ஏற்பட்ட பெருந்தீயில் தந்தையின் வணிகம் அழிந்தது. அதன் பின் ஜில்லெட் வேலைக்குச் சென்றார். ஊர் ஊராகச் சென்று பொருள் விற்கும் விற்பனையாளராகப் பல ஆண்டுகள் உழைத்தார்.

புதிய கருவிகளை ஆக்கிப் பார்க்கும் வழக்கம் இவர் குடும்பத்தில் இருந்தது. விற்பனை வேலைக்கு இடையில் ஜில்லெட்டும் சில பொருட்களுக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் அவற்றால் பெரிய வருவாய் கிடைக்கவில்லை. இவரது தாயார் ஃபேனி லெமைரா ஜில்லெட் 1887 இல் வெளியான புகழ்பெற்ற சமையல் நூல் ஒன்றின் ஆசிரியர். ஜில்லெட் 1890 இல் திருமணம் செய்துகொண்டார். இவருக்கு ஒரு மகன்.

அக்காலச் சவர முறை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்கள் ஒன்று சவரக் கடைக்குச் சென்றனர், அல்லது மடக்குக் கத்தியால் தாமே சவரம் செய்துகொண்டனர். மடக்குக் கத்தியை ஒவ்வொரு முறையும் தோல்வாரில் தீட்ட வேண்டும். நாளடைவில் தோல்வார் மட்டும் போதாது. கல்லில் தீட்டிக் கூரை மீட்க வேண்டும். இதற்குப் பழகிய கை தேவை. கவனம் சிதறினால் முகத்தில் காயம் ஏற்படும்.

பாதுகாப்புச் சவரக்கருவியை முதலில் கண்டுபிடித்தவர் ஜில்லெட் என்ற கருத்து பரவலாக உள்ளது. இது சரியன்று. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரான்சைச் சேர்ந்த ழான் ழாக் பெரே கத்திக்குத் தடுப்பு அமைக்கும் யோசனையை வெளியிட்டார். கைப்பிடிக்குக் குறுக்காகக் கூர் அமைந்த வடிவத்திற்கு வில்லியம் ஹென்சன் 1847 இல் காப்புரிமை பெற்றார். 1880 இல் கேம்ப்பே சகோதரர்கள் அமெரிக்காவில் தடுப்புடன் கூடிய கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். ஆனால் இக்கருவிகளில் இருந்தவை கனத்த அலகுகள். அவற்றையும் எடுத்துத் தீட்டியே ஆகவேண்டும். காயம் குறைந்ததே தவிர, தீட்டும் வேலை குறையவில்லை.

எண்ணம் உருவாதல்

1890களில் ஜில்லெட், வில்லியம் பெயின்டர் என்பவரின் நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்தார். சோடாப் புட்டிகளை அடைக்கும், உள்ளே தக்கை வைத்த உலோக மூடியைக் கண்டுபிடித்தவர் பெயின்டர். ஒருமுறை திறந்ததும் எறியப்படும் அச்சிறு மூடி அவரைச் செல்வராக்கியது. அதுபோல, ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிட்டு மக்கள் மீண்டும் வாங்கும் பொருள் ஒன்றைக் கண்டுபிடிக்குமாறு அவர் ஜில்லெட்டுக்கு அறிவுரை கூறினார். ஜில்லெட் பலவகைப் பொருட்களை எண்ணிப் பார்த்தும் ஏற்றது எதுவும் புலப்படவில்லை.

1895 ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் புரூக்ளைன் நகரில், ஒரு காலைப்பொழுதில் சவரம் செய்ய முற்பட்டபோது தமது கத்தி மழுங்கிப் போயிருந்ததை ஜில்லெட் கண்டார். அது தோல்வாருக்கு அடங்கும் நிலையில் இல்லை. அப்போது அவருக்கு அந்த எண்ணம் தோன்றியது. மயிரை வெட்டுவது அலகின் விளிம்பு மட்டுமே. அவ்வாறாயின் மீதி எஃகு எதற்கு? விளிம்பைத் தாங்கும் வேலையைத் தனியாக ஒரு பிடிக்குக் கொடுத்துவிட்டால், கூருள்ள மெல்லிய தகடு மட்டும் போதும். தகடு மலிவாக இருந்தால் தீட்டத் தேவையில்லை, மழுங்கியதும் எறிந்துவிடலாம். கடிகாரச் சுருள்வில் செய்யப் பயன்படும் எஃகு நாடா, பித்தளைத் துண்டுகள், அரம் முதலியவற்றை வாங்கி இவர் முதல் மாதிரியைச் செய்தார்.

நிக்கர்சனின் பங்கு

எண்ணம் எளிது, ஆக்கம் கடினம். மெல்லிய எஃகுத் தகட்டைக் கடினமாக்க அதைச் சூடேற்றித் திடீரெனக் குளிரவைக்க வேண்டும். அவ்வாறு செய்கையில் தகடு நெளிந்துவிடும். நெளிந்த தகட்டில் சீரான கூர் ஏற்ற இயலாது. எஃகுத் தொழில் அறிந்த பலர் இது நடவாத செயல் என்று கருதினர். பொறியியல் பயிற்சி இருந்திருந்தால் தாமும் இம்முயற்சியைக் கைவிட்டிருக்கக்கூடும் என்ற பொருளில் ஜில்லெட் பிற்காலத்தில் குறிப்பிட்டார்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்த வில்லியம் எமரி நிக்கர்சன் 1901 இல் இவருடன் இணைந்தார். மெல்லிய தகட்டை நெளியாமல் பதப்படுத்தும் முறையையும், அதற்குக் கூர் ஏற்றும் இயந்திரங்களையும் அவரே உருவாக்கினார். பிடியின் வடிவமும் அவர் கையில் செம்மையடைந்தது. இக்கருவியில் பிளேடு மேல்மூடிக்கும் அடித்தகட்டுக்கும் இடையே வளைத்து இறுக்கப்படுகிறது. வளைவதால் மெல்லிய தகடு விறைப்படைகிறது, வெட்டும்போது அதிர்வதில்லை. அடித்தகட்டின் பற்கள் தோலைத் தடுத்து நிறுத்துகின்றன.

நிறுவனத்திற்கு நிக்கர்சனின் பெயரைச் சூட்ட முடியாமைக்கு ஒரு காரணம் கூறப்படுவதுண்டு. ஆங்கிலத்தில் அப்பெயரின் முற்பகுதி சிறு வெட்டுக்காயத்தைக் குறிக்கும் சொல்லாகும். சவரக்கருவிக்கு அது பொருந்தாத பெயரன்றோ. 1901 இல் வேறு பெயரில் தொடங்கிய நிறுவனம் 1902 இல் ஜில்லெட் பாதுகாப்புச் சவரக்கருவி நிறுவனம் ஆனது.

விற்பனை

தொடக்கத்தில் நிறுவனம் கடனில் தத்தளித்தது. பாஸ்டன் நகர முதலீட்டாளர் ஜான் ஜாய்ஸ் பணம் அளித்து அதைக் காப்பாற்றினார். 1903 இல் விற்றவை 51 கருவிகளும் 168 பிளேடுகளும் மட்டுமே. அடுத்த ஆண்டு 90,000க்கும் மேற்பட்ட கருவிகள் விற்றன. 1904 நவம்பர் 15 அன்று ஜில்லெட்டுக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது.

தோல்வாரும் வேண்டாம், சாணைக்கல்லும் வேண்டாம் என்பதே விளம்பரங்களின் மையக் கருத்தாக இருந்தது. சவரக் கடையில் காத்திருக்கும் நேரமும் அங்குச் செலவாகும் பணமும் மிச்சமாகும் என்று அவை கணக்குக் காட்டின. ஜில்லெட்டின் முகமும் கையொப்பமும் பிளேடு உறைகளில் அச்சிடப்பட்டன. இதனால் மீசை வைத்த அவர் முகம் பல நாடுகளில் அறிமுகமானது.

முதல் உலகப்போர் விற்பனையைப் பெரிதும் உயர்த்தியது. நச்சுவாயு முகமூடி முகத்தோடு ஒட்டிப் பொருந்த வேண்டியிருந்ததால் வீரர்கள் நாள்தோறும் சவரம் செய்வது இன்றியமையாததாயிற்று. அமெரிக்க அரசு சுமார் 35 இலட்சம் கருவிகளையும் 3 கோடிக்கும் மேற்பட்ட பிளேடுகளையும் வாங்கிப் படையினருக்கு அளித்தது. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் அப்பழக்கத்தையும் உடன் கொண்டு வந்தனர். வீட்டிலேயே சவரம் செய்வது இதனால் பரவலாயிற்று.

விலை குறித்த தவறான கருத்து

கருவியை மலிவாகக் கொடுத்து, பிளேடு விற்பனையில் இலாபம் பார்க்கும் உத்தியை ஜில்லெட் வகுத்தார் என்று வணிகவியல் பாடங்களில் கூறப்படுவதுண்டு. வரலாறு இதற்கு மாறானது. காப்புரிமை நடைமுறையில் இருந்த காலம் முழுவதும் கருவியின் விலை 5 டாலர். இது அன்றைய தொழிலாளியின் சில நாள் கூலிக்குச் சமமானது. 1921 இல் காப்புரிமை முடிவடையும் தறுவாயில்தான் நிறுவனம் பழைய வடிவத்தை 1 டாலருக்கு விற்றது; மேம்படுத்திய புதிய வடிவத்தை உயர்ந்த விலைக்கு விற்றது. சட்ட அறிஞர் ரேண்டல் பிக்கர் தமது ஆய்வில் இதனை விரிவாக விளக்கியுள்ளார்.

சமூகக் கருத்துகள்

சவரக்கருவி பற்றிய எண்ணம் தோன்றுவதற்கு ஓராண்டு முன்பே, 1894 இல், ஜில்லெட் மனித சமூகத்தின் போக்கு குறித்து ஒரு நூல் வெளியிட்டார். ஒரே பொருளைப் பல நிறுவனங்கள் போட்டியிட்டுச் செய்வதாலும் விற்பதாலும் உழைப்பு பெருமளவில் வீணாகிறது என்பது அவரது வாதம். அனைத்துத் தொழில்களையும் மக்களுக்குச் சொந்தமான ஒரே நிறுவனம் நடத்த வேண்டும் என்றார். நயாகரா அருவியின் ஆற்றலால் இயங்கும் ஒரு மாநகரையும் அவர் கற்பனை செய்தார். அதில் 6 கோடி மக்கள் வாழ்வர். வீண் உழைப்பு நீங்கினால் எல்லாருக்கும் ஓய்வு நேரம் கிடைக்கும் என்பது அவர் நம்பிக்கை.

1910 இல் இத்தகைய உலக நிறுவனம் ஒன்றுக்குத் தலைமை தாங்க முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட்டை அழைத்தார். ஊதியமாக 10 இலட்சம் டாலர் தருவதாகக் கூறினார். ரூசவெல்ட் ஏற்கவில்லை. 1924 இல் வெளியான மற்றொரு நூலை உருவாக்க எழுத்தாளர் அப்டன் சின்கிளேர் உதவினார். தாம் நடத்திய நிறுவனமோ காப்புரிமை வழக்குகளாலும் கடும் போட்டியாலும் வளர்ந்தது. இம்முரண்பாடு அவர் வாழ்வில் இறுதிவரை தீரவில்லை.

இறுதிக்காலம்

நிர்வாகத்தில் ஜாய்சுடன் ஏற்பட்ட பூசலுக்குப் பின் 1910 அளவில் ஜில்லெட் தம் பங்குகளின் பெரும்பகுதியை விற்றார். தலைவர் என்ற பெயர் நீடித்தாலும் அதிகாரம் பிறரிடம் சென்றது. அவர் கலிஃபோர்னியாவில் குடியேறி நிலங்களில் முதலிட்டார். கலபாசசில் அவருக்காகக் கட்டடக் கலைஞர் வாலஸ் நெஃப் மாளிகை ஒன்றை வடிவமைத்தார். அப்பண்ணை பிற்காலத்தில் பொதுப் பூங்காவானது.

1930 இல் ஜில்லெட் நிறுவனம் போட்டி நிறுவனமான ஆட்டோஸ்ட்ராப்புடன் இணைந்தது. அப்போது முந்தைய ஆண்டுகளின் இலாபம் மிகைப்படுத்திக் காட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. 1931 இல் ஜில்லெட் தலைவர் பதவியைத் துறந்தார். பெரும் பொருளாதார வீழ்ச்சியில் பங்கு, நிலம் இரண்டின் மதிப்பும் சரிந்தன. செல்வத்தின் பெரும்பகுதியை இழந்த நிலையில் 1932 ஜூலை 9 அன்று காலமானார். 2005 இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் ஜில்லெட் நிறுவனத்தை வாங்கியது.

நேரமும் நிறைவும்

ஜில்லெட்டின் கருவி அகற்றியது தீட்டும் வேலையை மட்டுமே. வெந்நீரில் முகத்தை நனைப்பது, பிரஷால் சோப்பை நுரைக்கவைப்பது, நுரை பூசி மழிப்பது ஆகியவை அப்படியே நீடித்தன. பின்னர் வந்தவை இவற்றையும் குறைத்தன. 1930களில் மின்சவரக்கருவி விற்பனைக்கு வந்தது. 1950களில் அழுத்தினால் நுரை வரும் குப்பிகள் பரவின. 1971 இல் ஜில்லெட் நிறுவனமே இரட்டை அலகுக் கருவியை அறிமுகப்படுத்தியது. பின்னர் அலகுகளின் எண்ணிக்கை மூன்றாகவும் ஐந்தாகவும் பெருகியது.

21 ஆம் நூற்றாண்டில் பலர் இருபுற பிளேடுக்குத் திரும்பினர். மலிவு, குறைந்த கழிவு ஆகியவற்றோடு, சவரத்தையே நிதானமாகச் செய்து மகிழும் விருப்பமும் இதற்குக் காரணம். வெந்நீர் மயிரை மென்மையாக்குகிறது. பிரஷ் மயிரை நிமிர்த்தி நுரையை அடிவரை சேர்க்கிறது. முதல் முறை மயிர் வளரும் திசையிலும், மீண்டும் நுரை பூசி அடுத்த முறை குறுக்காகவும் மழிக்கப்படுகிறது. கருவியின் எடையே வெட்டும் வேலையைச் செய்கிறது. அழுத்தினாலோ அவசரப்பட்டாலோ தோல் கீறிவிடும். இதனால் இம்முறைக்குக் கூடுதல் நேரம் தேவை. நேரம் குறைவான நாட்களில் ஒரு முறை மட்டும் மழித்து நிறுத்திக்கொண்டு, முழு முறையை ஓய்வு நாட்களுக்கு வைத்துக்கொள்வோர் உண்டு.

நேரத்தை மிச்சப்படுத்தும் கருவியாக விளம்பரம் செய்யப்பட்ட ஒன்று, நூறாண்டுகளுக்குப் பின் நேரம் ஒதுக்கிச் செய்யும் மரபுவழிச் சவரத்தின் அடையாளமாகியுள்ளது. வீண் உழைப்பு குறைந்தால் மனிதர் தம் ஓய்வைத் தாம் விரும்பியபடி கழிப்பர் என்பது ஜில்லெட்டின் எதிர்பார்ப்பு. அவர் கற்பனை செய்த மாநகரம் எழவில்லை. எனினும் அவரது கருவியைப் பயன்படுத்துவோரில் ஒரு சாரார், மிச்சமான நேரத்தின் ஒரு பகுதியைச் சவரத்திற்கே திரும்பச் செலவிடுகின்றனர்.