அர்ச். பிரான்சிஸ் கபிரினி அம்மாள்

1950-ல் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் அந்நிய நாட்டில் குடியேறுவோருக்குப் பாதுகாவலியாக நியமித்த இந்த அர்ச்சியசிஷ்டவள், 1850-ல் இத்தாலியில் லொம்பார்தியாவில் பிறந்தவள். சிறுவயதில் ஆற்றில் விழுந்து தப்பியதிலிருந்து தண்ணீரென்றாலே அவளுக்கு நடுக்கம்.

1880-ல் திரு இருதயக் கன்னியர் சபையை ஸ்தாபித்து, சீன தேசம் போக ஆசைப்பட்டாள். பாப்பரசர் 13-ம் சிங்கராயரோ மேற்கே போகச் சொன்னார். பிழைப்புத் தேடி அமெரிக்கா போன இத்தாலியர் அங்கே பாஷை தெரியாமல், ஆதரிப்பாரின்றித் தவித்தார்கள். ஊர்விட்டுப் போய்ப் பிழைத்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

1889 மார்ச் 31-ந் தேதி ஆறு கன்னியரோடு நியூயார்க்கில் இறங்கினாள். தங்க வீடு ஏற்பாடாகவில்லை. அதிமேற்றிராணியாரே திரும்பிப் போய்விடச் சொன்னார். பாப்பரசர் அனுப்பி வந்தேனென்று வணக்கமாய்ச் சொல்லி, அங்கேயே தங்கிவிட்டாள்.

1891-ல் நியூ ஆர்லியன்ஸ் பட்டணத்தில் ஒரு கொலை வழக்கில் ஜனக்கும்பல் சிறைக்குள் புகுந்து 11 இத்தாலியரைக் கொன்றுபோட்டது. அவர்களில் ஒருவர் மேலாவது அந்தக் குற்றம் கோர்ட்டில் ருசுவாகவில்லை. மறுவருஷமே அம்மாள் தன் கன்னியரை அந்தப் பட்டணத்திலேயே குடிவைத்து, இத்தாலிய அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டாள்.

தண்ணீருக்குப் பயந்தவள் இருபது தடவைக்கு மேல் சமுத்திரங் கடந்தாள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அநாதை மடம் என்று 67 ஸ்தாபனங்கள் ஏற்பட்டன. 1909-ல் அமெரிக்கப் பிரஜையானாள். 1917 டிசம்பர் 22-ந் தேதி சிகாகோவில் மரித்தபோது, பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் மிட்டாய் கட்டும் வேலையில் இருந்தாள்.