வாள் கொடுத்த கும்பினி, கயிறும் கொடுத்தது!

ரோமாபுரி என்றால் நமக்கு மிளகு நினைவுக்கு வரும். பொற்காசு கொண்டு வந்தான், மிளகும் முத்தும் வாங்கினான், கப்பலேறிப் போனான். தமிழனுக்குத் தெரிந்த ரோமன் வாணிபன். ஆனால் ரைன் ஆற்றுக்கு அப்பால், அடர்ந்த காடுகளிலே வாழ்ந்த ஜெர்மானியக் குடிகளைக் கேட்டால் வேறு கதை சொல்லும். அங்கே அவன் வாளோடு வந்தான். வாள் செல்லாத இடத்துக்கு மதுவையும் வெள்ளிக் கிண்ணத்தையும் அனுப்பினான். குடித் தலைவர்களின் பிள்ளைகளை அழைத்துப் படையிலே சேர்த்தான். தன் மொழியையும் தன் போர்முறையையும் கற்பித்தான். பட்டமும் பதவியும் கொடுத்தான். எதற்காக? குடிகளைக் கொண்டே குடிகளை அடக்குவதற்காக!

அப்படி வளர்க்கப்பட்டவன்தான் அர்மீனியஸ். செருஸ்கிக் குடித் தலைவனின் மகன். ரோமக் குடியுரிமை பெற்றவன். ரோமப் படையிலே தன் இனத்தவரை நடத்தியவன். கற்ற வித்தையைக் கற்றுக் கொடுத்தவன் மீதே திருப்பினான். கி.பி. 9-ஆம் ஆண்டில், தியூட்டோபர்க் காட்டிலே, வாரஸ் என்ற ரோம ஆளுநனின் மூன்று பெரும் படையணிகள் அழிந்தன. அந்த மூன்று அணிகளின் எண்களை ரோமாபுரி பிறகு எந்த அணிக்குமே சூட்டவில்லை. அவ்வளவு அச்சம்!

தோழர்களே, தொலைதூரக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். ஆயிரத்து எழுநூறு ஆண்டுகள் கழித்து அதே வித்தையை நம் சீமையிலே நடத்தியது கிழக்கிந்தியக் கும்பினி. அது வளர்த்த பிள்ளை, இராமநாதபுரம் சீமையிலே, பனையூரிலே பிறந்த மருதநாயகம். பின்னாளிலே முகமது யூசுப் கான். மக்கள் வாயிலே கான் சாகிபு. இன்னும் சுருங்கிக் கான்சா!

அரண்மனையிலே பிறந்தவனல்ல அவன். இளமையிலேயே வீட்டை விட்டுக் கிளம்பியவன், இஸ்லாத்தைத் தழுவியவன், சாதாரணச் சிப்பாயாகத் துப்பாக்கி தூக்கியவன். 1751-க்குப் பின்னர் கும்பினிப் படையிலே சேர்ந்தான். மேஜர் லாரன்ஸ் அவனுக்கு ஐரோப்பியப் போர்முறையைப் பழக்கினான். திருச்சி முற்றுகையின்போது, பிரெஞ்சுக்காரர் கண்ணிலே மண்ணைத் தூவி உணவு வண்டிகளைக் கொண்டுவந்து சேர்த்தவன் அவன். கும்பினியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியானான்; பொற்பதக்கம் பெற்றான். 1758-59-லே லாலியின் பிரெஞ்சுப் படை சென்னப்பட்டணத்தை வளைத்தபோது, வெளியிலிருந்து தாக்கித் தாக்கி அந்தப் படையைத் தூங்கவிடாமல் செய்தவனும் அவனே.

கும்பினி மகிழ்ந்தது. 1759-லே, ஆண்டுக்கு ஐந்து இலட்ச ரூபாய் குத்தகைக்கு மதுரைச் சீமையை அவனிடம் ஒப்படைத்தது. அவனும் திறம்படவே ஆண்டான். கண்மாய்களைச் செப்பனிட்டான். கொள்ளையை ஒடுக்கினான். மீனாட்சி கோயிலின் சொத்துக்கள் கோயிலுக்கே திரும்பிட வழிசெய்தான். மறுப்பதற்கில்லை, நல்ல நிர்வாகி!

ஆனால் அந்த நிர்வாகத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வெள்ளையனுக்குக் கப்பம் கட்டமாட்டேன் என்று நிமிர்ந்து நின்ற பூலித்தேவனை எதிர்த்துப் பீரங்கி இழுத்துச் சென்றவன் யார்? இதே கான் சாகிபு! 1761-லே நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் வீழ்ந்தன. வீழ்த்தியது தமிழன் கை. வெற்றி கும்பினியின் கணக்கிலே!

பிறகுதான் எசமானனின் உண்மை முகம் தெரிந்தது. ஆண்டுக்கு ஏழு இலட்சம் தருகிறேன், சீமையை என்னிடமே விடுங்கள் என்று கேட்டான் கான் சாகிபு. இவன் வளர்ச்சி கண்டு பொருமிய ஆற்காட்டு நவாபு முகமது அலி இடம் தரவில்லை. கும்பினியும் நவாபுக்கே அடங்கி நட என்றது. அடங்க மறுத்தான். 1763-லே மதுரைக் கோட்டையிலே பிரெஞ்சுக் கொடி ஏறிற்று. ஒரு பரங்கியை உதறிய கை, மறு பரங்கியைப் பற்றிற்று!

வளைத்தது கும்பினிப் படை, நவாபின் படையோடு சேர்ந்து. 1763-லே மான்சன் முயன்றான், முடியவில்லை. 1764 ஜூனிலே மேஜர் காம்பெல் கோட்டைச் சுவரை உடைத்துப் புக முயன்றான், அதுவும் முறிந்தது. கற்றுக் கொடுத்தவர்களே கற்றவனிடம் தோற்று நின்றார்கள்! வாளால் ஆகாதது பட்டினியால் ஆயிற்று. உணவு வரும் வழியெல்லாம் அடைபட்டது. கோட்டைக்குள்ளே பசி, பசியின் பின்னே சதி. அவன் நம்பிய திவான் சீனிவாசராவும், பிரெஞ்சுத் தளபதி மர்ச்சாந்தும் கூடிக்கொண்டு அவனைப் பிடித்துக் கட்டி எதிரியிடம் ஒப்படைத்தார்கள். 1764 அக்டோபர் 15, மதுரைக்கு மேற்கே தூக்குமரம். சம்மட்டிபுரத்திலே இன்றும் இருக்கிறது அவன் அடக்கத் தலம்.

வீரத்திலே அர்மீனியசுக்கு இவன் குறைந்தவனா? இல்லை. பின் ஏன் அவன் வென்றான், இவன் தொங்கினான்?

அர்மீனியஸ் வாளை உருவுமுன் குடிகளை ஒன்று சேர்த்தான். இவனோ, அக்கம்பக்கத்தாரை எல்லாம் அடித்து வீழ்த்திய பிறகு எசமானனை எதிர்த்தான். திரும்பிப் பார்த்தபோது தோள் கொடுக்கப் பாளையங்கள் திரண்டு நிற்கவில்லை. எப்படி நிற்கும்? அவர்கள் கோட்டைகளை இடித்த பீரங்கி இவனுடையதல்லவா! அர்மீனியசும் கி.பி. 21-லே சொந்த உறவினர் கையாலேயே மாண்டான். ஆனால் அதற்குள் ரைனுக்குக் கிழக்கே நாடு பிடிக்கும் ஆசையை ரோமாபுரி கைவிட்டிருந்தது. இங்கே? 1799-லே கயத்தாற்றில் கட்டபொம்மனுக்குக் கயிறு. 1801-லே திருப்பத்தூரில் மருது சகோதரர்களுக்குக் கயிறு. ஒவ்வொருவராகப் பிரித்தான், ஒவ்வொருவராகத் தூக்கினான்!

அருப்புக்கோட்டைத் தறிக்கூடத்துத் தோழனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தனி இழையை விரலாலே அறுத்துவிடலாம். நெய்த துணியை அப்படி அறுக்க முடியுமா? நம்மில் ஒருவனுக்கு மேஸ்திரிப் பட்டம் கட்டி, அவனைக் கொண்டே மற்றவர் கூலியைக் குறைக்கிற வித்தை எந்த நாட்டிலும், எந்தக் காலத்திலும் உண்டு. பட்டம் வரும்போதே கேட்டுவிட வேண்டும்: யாரை அடிக்க இந்தக் கோல்?

மேற்கே, வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம் என்றோர் ஊர் இருக்கிறது. கான் சாகிபின் பெயர் தாங்கிய ஊர். அந்த வழியே பேருந்தில் போகும்போது பெயர்ப் பலகையைப் பாருங்கள். அவன் வீரத்துக்கு வணக்கம் செலுத்துங்கள். அவன் காலங்கடந்து கற்ற பாடத்தை நாம் காலத்தே கற்போம்!