ஜோதிராவ் புலே: ஊர் ஒதுக்கிவைத்தபோது அவர் என்ன செய்தார்?

'ஊர் என்ன சொல்லும்?' என்று பயந்து எதையாவது தள்ளிப்போட்டிருக்கிறீர்களா? அந்தப் பயம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புலேவின் வாழ்க்கையில் பார்க்கலாம்.

1827-இல் பிறந்த அவர், 1848-இல் புனே பிடே வாடாவில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார். இன்றைய சாங்வியில் இருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். எதிர்த்தவர்கள் அவரோடு நிற்கவில்லை. அப்பா கோவிந்தராவையும் நெருக்கினார்கள். 1849-இல் அப்பாவே மகனையும் மருமகளையும் வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். ஊர்க் கட்டுப்பாடு இப்படித்தான், நெருங்கியவர் வழியாகவே வரும். நண்பர் உஸ்மான் ஷேக் இடம் கொடுத்தார். பாடம் நடத்தப் போன சாவித்ரிபாய் மீது சாணம் வீசினார்கள். அவர் மாற்றுப் புடவை எடுத்துக்கொண்டு போனார்.

தனி ஆளை ஒதுக்குவது சுலபம், ஒரு கூட்டத்தை ஒதுக்குவது கஷ்டம். 1873 செப்டம்பர் 24 அன்று புலே சத்யசோதக் சமாஜத்தைத் தொடங்கினார். புரோகிதர் இல்லாத கல்யாணங்களை உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தினார்கள். பக்கத்தில் நிற்க நாலு பேர் இருந்ததால் பயம் குறைந்தது.

1890-இல் புலே மறைந்தார். சிதைக்குத் தீ மூட்டியவர் சாவித்ரிபாய்.

சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கும் தனிச் சட்டத்தை மகாராஷ்டிர சட்டமன்றம் நிறைவேற்றியது 2016-இல்தான். அந்தப் பழக்கம் எவ்வளவு காலம் நீடித்தது என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.