நாவல் ராணி வை.மு. கோதைநாயகி

எழுதப் பழகாத ஒருவர் நூலாசிரியர் ஆக முடியுமா? முடியும் என்பதற்குத் தமிழ் உரைநடை வரலாற்றில் ஒரு சான்று உண்டு.

நீர்வளூரைச் சேர்ந்த வைணவக் குடும்பத்தில் 1901ஆம் ஆண்டு பிறந்தவர் கோதைநாயகி. குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். ஆறு வயது நிரம்பும் முன்பே பார்த்தசாரதியின் மனைவியாகித் திருவல்லிக்கேணி வந்தார். கணவர் குடும்பத்தின் வைத்தமாநிதி முடும்பை என்னும் பெயரே வை.மு. என அவர் பெயரின் முன் அமைந்தது. பள்ளிக்கூடம் அவருக்கு வாய்க்கவில்லை, கேள்வியறிவு வாய்த்தது. வீட்டில் கேட்ட பாசுரங்களும், அண்டை வீட்டுக் குழந்தைகளுக்குத் தாமே புனைந்து சொன்ன கதைகளும், கணவருடன் சென்று பார்த்த நாடகங்களும் அவருடைய பாடங்களாயின.

உள்ளத்தில் உருவான நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் ஏட்டில் எழுதினார். 'இந்திரமோகனா' என்னும் அந்நாடகம் 1924இல் அச்சேறியது. பின்னர்த் தாமே எழுதப் பழகிக்கொண்டார். 1925இல் 'ஜகன்மோகினி' இதழின் பொறுப்பை ஏற்று, 'வைதேகி' நாவலை அதில் தொடராக எழுதினார். குழந்தை மணம், கைம்பெண் துயர், வரதட்சணை முதலியவை அவர் கதைகளின் களங்களாயின. பெண்கள் எழுதுவதையும் மேடையேறுவதையும் பலர் பழித்த காலம் அது. பழிச்சொல்லுக்கு அவர் அஞ்சவில்லை; கணவரும் துணைநின்றார்.

ஏறத்தாழ இதே காலத்தில் இங்கிலாந்தில், உடன்பிறந்த ஆண்கள் பல்கலைக்கழகம் செல்ல, தாம் பெரும்பாலும் வீட்டிலேயே கற்றவர் நாவலாசிரியர் வர்ஜீனியா உல்ஃப். எழுதும் பெண்ணுக்குச் சொந்த வருவாயும் தனி அறையும் வேண்டும் என்று அவர் 1929இல் வாதிட்டார். கோதைநாயகிக்கு அந்தத் தனி அறையாக அமைந்தது அவருடைய இதழ்.

1925இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் அவர் பட்டையும் நகையையும் துறந்து கதர் அணிந்தார். கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணிப் புறக்கணிப்பிலும் ஈடுபட்டுச் சிறை சென்றார். உடனிருந்த பெண்களின் துயரங்களைக் கேட்டறிந்து, சிறைக்குள்ளும் கதை எழுதினார். இனிய குரலால் விடுதலைப் பாடல்களை மேடைதோறும் பாடினார்.

1956இல் ஒரே மகனை இழந்த துயரம் அவரை வாட்டியது. காசநோயுற்று 1960ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற நாவல்கள் 115.

பள்ளி வாயில் அடைபட்டிருந்தபோதும் தமக்கென ஒரு வாயிலைத் திறந்துகொண்டவர் அவர். இன்று அவ்வாயில் நமக்குத் திறந்தே இருக்கிறது. அதன் அருமையை அவர் வாழ்வு உணர்த்துகிறது.