மகாவித்துவானின் வரவும் செலவும்

மாதச் சம்பளம் இல்லாமல், கற்ற கலை ஒன்றையே நம்பி ஒருவர் வாழ்ந்துவிட முடியுமா? எழுத்தாளர், ஓவியர், இசைக் கலைஞர், கணினியில் வரைகலை செய்வோர் எனப் பலரும் இன்று கேட்கும் கேள்வி இது. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை அடிவாரத்தில் வாழ்ந்த ஒரு புலவர், ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே இக்கேள்விக்குத் தம் வாழ்வால் விடை தேடியிருக்கிறார். அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

அவரைப் பெரும்புலவராகவும் உ.வே.சாமிநாதையரின் ஆசிரியராகவுமே நாம் போற்றிவருகிறோம். பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு, அவர் வாழ்க்கை ஒரு சுயதொழில் கலைஞரின் வரவு செலவுக் கணக்காகவும் தோன்றுகிறது.

1815-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த சிற்றூர்ப் பகுதியில் பிறந்த அவருக்கு முதல் ஆசிரியர் தந்தை சிதம்பரம் பிள்ளையே. இளமையிலேயே தந்தையை இழந்தார். குடும்பச் சொத்து என்று சொல்ல எதுவுமில்லை. கற்பதற்கு நிறுவனமும் இல்லை. ஏட்டுச்சுவடி வைத்திருந்தவர்களை நாடிச் சென்று, இரவல் பெற்று, படியெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். உறையூரில் வாழ்ந்த முத்துவீர உபாத்தியாயர் போன்ற இலக்கணப் புலமையாளர்களின் பழக்கத்தைத் தேடிக்கொண்டார். தண்டியலங்காரம் அறிந்த பரதேசி ஒருவர் தெருத்தெருவாக யாசித்து வந்தபோது, அவர் பின்னே நடந்து அந்நூலைப் பாடம் கேட்டார். முதலீடு செய்யப் பொருளில்லாதவர், தம் காலத்தையும் பணிவையுமே முதலீடாக்கினார் என்றுதான் இதைக் கொள்ள வேண்டும்.

அடுத்தது வேலை தேடும் படலம். அக்காலத்தில் ஒவ்வோர் ஊரும் தன் கோயிலுக்குத் தமிழில் ஒரு தலபுராணம் வேண்டும் என்று விரும்பியது. ஊர்ச் செல்வர்களும் அன்பர்களும் பொருள் திரட்டிப் புலவரை அழைப்பார்கள். நூல் முடிந்ததும் கோயிலில் அரங்கேற்றம் நடைபெறும்; நாள்தோறும் சில பாடல்களைப் படித்துப் புலவர் பொருள் விரிப்பார். நிறைவு நாளில் சம்மானம் கிடைக்கும். அந்த அவையில் அமர்ந்து கேட்ட அயலூரார் தம் ஊருக்கும் ஒரு புராணம் வேண்டுமென்று கேட்பார்கள். அரங்கேற்றம் என்பது ஊதியம் பெறும் நாள் மட்டுமன்று. அடுத்த வேலைக்கு அழைப்பு வரும் நாளும் அதுவே.

உறையூர், குடந்தை, மாயூரம், நாகைக்காரோணம் என இருபதுக்கும் மேற்பட்ட தலங்களுக்கு அவர் புராணம் பாடினார். பிள்ளைத்தமிழ், அந்தாதி, கோவை, உலா, கலம்பகம் என்று கேட்டவர் கேட்ட வகையிலெல்லாம் நூல் செய்தார். அவர் கற்பனை, பெரும்பாலும் பிறர் இட்ட பணியின் எல்லைக்குள்ளேயே இயங்கியது. அதனால் அது குன்றிவிடவில்லை. மனம் கனியட்டும் என்று காத்திராமல், நாள்தோறும் மாணவர் ஒருவரை ஏடும் எழுத்தாணியுமாக அமர்த்திப் பாடல்களைச் சொல்லிக்கொண்டே போவார். பயணத்திலும் பாட்டு நடந்தது. வந்தவருடன் உரையாடிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரவும் அவரால் முடிந்தது.

அந்த ஊக்கத்தின் ஊற்று எது? மாணவர்களே என்பது என் துணிபு. அவர் எவரிடமும் பணம் பெற்றுப் பாடம் சொல்லவில்லை. உணவுக்கு வழியற்ற மாணவர்களுக்கு அவரே சோறும் அளித்தார். சாதி, சமய வேறுபாடு பாராமல், புதுச்சேரி சவராயலு நாயகர் போன்ற கிறித்தவர்களுக்கும் கற்பித்தார். கணக்குப் புத்தகத்தில் இது செலவாகவே தெரியும். ஆனால், தனித்து உழைக்கும் கலைஞரைச் சோர்வடையச் செய்வது வறுமையைவிடத் தனிமையே. சொன்னவுடன் பாட்டைச் சுவைக்கும் கூட்டம் ஒன்று எப்போதும் அருகிலிருந்ததால், அவருக்கு அந்தச் சோர்வு நேரவில்லை.

திருவாவடுதுறை ஆதீனத்தின் அம்பலவாண தேசிகர் அவருக்கு மகாவித்துவான் பட்டம் அளித்தார். பின்னர் அவர் மாயூரத்தில் குடியேறி ஆதீனத்தின் அரவணைப்பில் வாழ்ந்தார். முன்சீப் வேதநாயகம் பிள்ளை அங்கே உற்ற நண்பராக வாய்த்தார். 1871-இல் சாமிநாதையர் மாணவராகச் சேர்ந்ததும் அங்கேதான். இவ்வளவு புகழுக்கு நடுவிலும் கடன் அவரை விடவில்லை. சம்மானம் மொத்தமாக வரும். செலவோ நாள்தோறும் நிற்கும். வந்த பொருள் பழைய கடனுக்குப் போக, வீட்டுச் செலவுக்குப் புதிய கடன் வேண்டியிருந்தது. 1876 பிப்ரவரி முதல் நாள் அவர் மறைந்தபோது கடன் எஞ்சியிருந்தது.

அவருடைய கொடைக்குணமே கடனுக்குக் காரணம் என்று சொல்லி இதைக் கடந்துவிடுவது எளிது. நான் அதை முழுமையாக ஏற்கமாட்டேன். அவருக்கு வேலை இல்லாமலில்லை. வருவாயில் ஒழுங்குதான் இல்லை. நூலுக்குரிய தொகையும் அது வரும் நாளும் கொடுப்பவர் விருப்பத்தைச் சார்ந்திருந்தன.

அவர் மாணவர்களின் வாழ்வு இதற்குச் சான்று. தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகி மாதச் சம்பளம் பெற்றார். 1880-இல் அப்பதவி, அவர் முயற்சியால், சாமிநாதையருக்குக் கிடைத்தது. அந்தச் சம்பளம் தந்த நிலைத்தன்மையில் நின்றுகொண்டுதான் ஐயர் 1887-இல் சீவகசிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். அச்சுச் செலவுக்கு அவரும் பிறர் உதவியை நாடினார் என்பது உண்மை. ஆனால், அன்றாட உணவு அந்த உதவியைப் பொறுத்திருக்கவில்லை.

இன்று இந்தியாவில் வேலை செய்வோரில் பாதிக்கும் மேற்பட்டோர் சுயதொழிலில் இருப்பதாக அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பே கூறுகிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம், பதிவு பெற்ற குறு, சிறு தொழில் செய்வோருக்கு 45 நாள்களுக்குள் பணம் தரப்பட வேண்டும் என்கிறது. தவறினால் வட்டியும் உண்டு. ஆனால், அட்டைப்படம் வரைந்தவரும், மொழிபெயர்த்தவரும், கச்சேரிக்கு வாசித்தவரும் பெரும்பாலும் அப்பதிவுக்கு வெளியே நிற்கின்றனர். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. முன்பணம் கேட்கக் கூச்சம். கேட்டால் அடுத்த வாய்ப்பு போய்விடுமோ என்ற அச்சம்.

அன்றாட உழைப்பு, கேட்டதைச் செய்யும் ஆயத்தம், உடனிருந்து சுவைக்கும் கூட்டம் ஆகிய மூன்றையும் இளங்கலைஞர்கள் பிள்ளையவர்களிடமிருந்து கற்கலாம். கடனை மட்டும் கற்க வேண்டியதில்லை. அதற்குக் கலைஞரின் ஊக்கம் மட்டும் போதாது. வேலை வாங்குபவரின் நாணயமும் வேண்டும். பொன்னாடை போர்த்தும் நாம், பேசிய தொகையைப் பேசிய நாளில் கொடுக்கவும் பழக வேண்டும்.